கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று சென்ற இதழில் நீங்கள் கொடுத்திருந்த பட்டியலில் டிராம்போலின் (ஏறிக் குதித்தால் மேலே தூக்கிவிடும் விரிப்பு) கூடங்களும் இருந்தன. கூடவே எச்சரிக்கையாக நாலு வரி போட்டிருக்கலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஐந்து வயது. பிப்ரவரி மாதம், வகுப்புத் தோழனின் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்காக கோவையில் அப்படி ஒரு கூடத்துக்கு அவளை அனுப்பினேன். "காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற படிவத்தில் அந்தப் பையனின் அம்மா 12 பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பின்னால் வரிசை நிற்கும்போது கவுன்டரில் அதை யார் படிக்கிறார்கள்? ஆளுக்கொரு ஜோடி வழுக்காத சாக்ஸை விற்று உள்ளே விட்டார்கள். அரை மணி நேரத்தில் எனக்கு ஃபோன் வந்தது.

அவள் எங்கிருந்தும் விழவில்லை, யாரும் அவளைத் தள்ளவும் இல்லை. அவள் குதித்துக்கொண்டிருந்த விரிப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்து குதித்தான். நடந்தது அவ்வளவுதான். கனமான ஆள் குதித்தால் விரிப்பு ஆழமாக அமுங்கி, அதே வேகத்தில் மேலே எழும். அந்த நேரம் பார்த்துச் சின்னப் பிள்ளையின் கால் கீழே இறங்கினால், மொத்த விசையும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் போய் முட்டுகிறது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயில் மயிரிழை போல ஒரு கோட்டைக் காட்டி, "டிராம்போலின் முறிவு என்றே இதற்குப் பெயர் இருக்கிறதம்மா" என்றார். மருத்துவத்தில் தனிப்பெயர் வாங்கிய ஒரு காயத்தைப் பற்றி, அதைக் கொண்டே தொழில் நடத்துகிறவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே இதை எழுதி வைத்திருக்கிறது: டிராம்போலின் காயங்களில் ஏறத்தாழ முக்கால்வாசி, ஒரே விரிப்பில் பலர் குதிக்கும்போது நேர்பவை, அதிலும் அடிபடுவது பெரும்பாலும் எடை குறைந்த பிள்ளைதான். இந்தக் கூடங்களில் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் அந்த நாட்டில் 2010-ல் 581 பேர், 2014-ல் 6,932 பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. டிராம்போலின் கூடங்களுக்கென்றே 2022-ல் சர்வதேசப் பாதுகாப்புத் தரமும் வந்துவிட்டது. ஆனால் நான் பார்த்த கூடத்தில் நான்கு வயதும் பதினான்கு வயதும் ஒரே இடத்தில் குதிக்கின்றன. கண்காணிப்பு என்று நிறுத்தியிருந்த ஒரே பையன் செல்ஃபோனில் பிள்ளைகளைப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் போய்க் கேட்டபோது நிர்வாகி அந்தப் படிவத்தைத்தான் எடுத்து நீட்டினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது அப்போதுதான். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லேயே தீர்ப்பாகிவிட்ட விஷயம். என் பிள்ளைக்காக அவள் தோழனின் அம்மா எந்த உரிமையை எழுதிக்கொடுக்க முடியும்? சரி, நானே கையெழுத்துப் போட்டிருந்தாலும், சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியை அந்தக் காகிதம் அடைத்துவிடாது. நுகர்வோரின் உரிமையைப் பறிக்கும் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தையே எதிர்த்து முறையிட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி என்ன செய்ய என்று எத்தனை பெற்றோர் பேசாமல் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்களோ!

2024 மே 25 அன்று ராஜ்கோட் விளையாட்டுக் கூடத் தீவிபத்தில் 27 பேர் கருகினார்கள். அன்று நுழைவுக் கட்டணச் சலுகை, 99 ரூபாய். அங்கேயும் உள்ளே போனவர்களிடம் இதே மாதிரிப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கூடத்துக்கோ தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றே கிடையாது. மக்களிடம் எழுதி வாங்கத் தெரிந்தவர்கள், தாங்கள் வாங்க வேண்டிய சான்றை வாங்கவில்லை.

மகளுக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. மாடிப்படியில் மட்டும் இன்னும் ஒரு கால் தயங்குகிறது.

சென்ற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தேன். ஒரு விரிப்பில் ஒருவர்தான் குதிக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி வேண்டும், நடந்த விபத்துகளைப் பதிவேட்டில் எழுதி ஆய்வுக்கு வருபவரிடம் காட்ட வேண்டும், இவை இல்லாத கூடத்துக்கு உரிமம் தரக்கூடாது என்று கேட்டிருக்கிறேன். மனுவுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். பதில் வந்ததும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோயம்புத்தூர்