மூன்றாவது படத்தில் இருக்கும் போல்ட்

அன்புள்ள செல்வம்,

நீ வாங்க நினைக்கும் பழைய காரைப் பற்றிய உன் கடிதமும் அதன் எட்டுப் படங்களும் வந்து சேர்ந்தன. மல்லிகாவுக்கு வேலை உறுதியானதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். தினமும் போய்வர அவளுக்கு ஒரு வண்டி வேண்டும் என்பதும் நியாயம்தான். ஆனால் 'பளபளவென்று இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை' என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஐந்து வருஷம் ஓடிய வண்டியின் பானெட் விளிம்பில் கல் தெறித்த புள்ளிகளாவது இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை என்றால் அந்த விளிம்பின் பெயிண்டுக்கு வயது ஐந்து இல்லை.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். பானெட் திறந்திருக்கிறது. ஓட்டுநர் பக்க ஃபெண்டரை, அதாவது முன்சக்கரத்துக்கு மேலே வரும் தகட்டை, பிடித்திருக்கும் போல்ட் வரிசை தெரிகிறது. முன்னாலிருந்து இரண்டாவது போல்ட்டின் தலையில் இரண்டு மூலைகள் உரிந்து இரும்பு தெரிகிறது. வாஷரை ஒட்டி, பெயிண்ட் இல்லாத ஒரு மெல்லிய பிறை. பெரும்பாலான வண்டிகளில் ஃபெண்டரையும் கதவையும் மாட்டிய பிறகுதான் பாடி பெயிண்டுக்குப் போகும். அதனால் போல்ட் தலை, வாஷர், தகடு மூன்றின் மேலும் ஒரே பெயிண்ட் விரிசலில்லாமல் படிந்திருக்கும். ஸ்பேனர் போட்டால் முதலில் உரிவது மூலைதான். பிறை இன்னொன்றையும் சொல்கிறது: கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது ஃபெண்டர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

இதற்காகவே வண்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறுத்துமிடத்தில் எவனோ உரசிவிட்டுப் போனாலும் ஃபெண்டரைக் கழற்றத்தான் செய்வார்கள். நீ வேறுபடுத்திப் பார்க்க வேண்டியது, போல்ட் போட்ட பாகத்தோடு அடி நின்றதா, வெல்டிங் செய்த பாகம் வரை போனதா என்பதைத்தான். பம்பர், பானெட், ஃபெண்டர், கதவு, டிக்கி மூடி எல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான்கள். ஏப்ரான் (எஞ்சின் அறையின் பக்கச் சுவர்), சேஸிஸ் லெக் (எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் முன்னோக்கி நீளும் உத்தரம்), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), கதவுக்குக் கீழே ஓடும் சில், தரை, கூரை, பின்சக்கரத்துக்கு மேலே வரும் குவார்ட்டர் பேனல், இவை வண்டியின் எலும்பு.

எலும்பில் கை வைத்தால் ஏன் பயப்பட வேண்டும்? முன்னால் இருக்கும் சேஸிஸ் லெக், மோதும்போது ஹார்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. ஒரு தடவை மடிந்ததை இழுத்து நேராக்கினால் பார்வைக்கு நேராகிவிடும், ஆனால் அடுத்த தடவை எங்கே மடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போதைய வண்டிகளில் பில்லருக்குப் போடும் எஃகு பழுக்கக் காய்ச்சி அழுத்தி, சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கியது. அதை டிங்கரிங் பட்டறையில் கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தினால் அந்தக் கடினமே போய்விடும். ஏர்பேக்கும் இதோடு சம்பந்தப்பட்டதுதான். மோதின கணத்திலிருந்து சுமார் 30 முதல் 50 மில்லி விநாடிக்குள் பை விரிந்தாக வேண்டும். எப்போது வெடிக்க வேண்டும் என்ற கணக்கு, முன்பாகம் எப்படி நசுங்கும் என்பதை வைத்துப் போட்டது. நசுங்குகிற விதம் மாறினால் கணக்கு தப்பும்.

ஆகவே முதல் வேலை ஏப்ரான். எஞ்சின் அறையில் சஸ்பென்ஷன் மேல்முனை வந்து உட்காரும் கிண்ணத்தைச் சுற்றி, இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பார். தொழிற்சாலையில் தகடுகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்க்கும் ஸ்பாட் வெல்டிங் 5, 6 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டக் குழியாக, ஏறக்குறைய சமமான இடைவெளியில் வரிசையாக இருக்கும். பிறகு செய்த வெல்டிங் மேடாக இருக்கும், அல்லது அரைத்து மட்டமாக்கிய கோடுகள் தெரியும். வரிசை நடுவில் நின்றுபோயிருந்தாலும் சந்தேகம்தான். கெட்டிக்காரப் பட்டறை டிரில் முனையால் பொய்க் குழி போட்டிருக்கும். அதில் விளிம்பு கூர்மையாக, இடைவெளி ஏறுமாறாக இருக்கும். தகடுகள் சேரும் இடத்தில் பூசும் சீலன்ட்டையும் கவனி. ஒரிஜினல் ஒரே அகலத்தில் ஓடும். பின்னால் பூசியதில் பிரஷ் கோடோ விரல் தேய்ந்த தடமோ இருக்கும், நகத்தால் அழுத்தினால் சில சமயம் உள்ளே போகும். எது ஒரிஜினல் என்று தெரியாமல் குழம்பினால் எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடு. வண்டி தன் அளவுகோலைத் தானே சுமந்துகொண்டு வருகிறது.

சேஸிஸ் லெக்கைக் கீழேயிருந்துதான் பார்க்க முடியும், வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல். இங்கே ஒரு பொறி உண்டு. லெக்கின் முன்முனையில் தொழிற்சாலையே சில பள்ளங்களைப் போட்டிருக்கும், மடிப்பு அங்கே தொடங்கட்டும் என்று. புதிதாகப் பார்ப்பவர்கள் அதை அடி என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கூர்மையாக அச்சுக் குத்தியது போல் இருந்தால் ஒரிஜினல். ஒரு பக்கம் மட்டும் துணி கசங்கினாற்போல் அலை இருந்தால் அடி. லிஃப்டில் இருக்கும்போதே சில்லின் அடிவிளிம்பையும் பார், ஜாக் வைக்கும் இடங்களுக்குப் பக்கத்தில். சேஸிஸை இழுத்து நிமிர்த்தும் மேடையில் வண்டியை அந்த விளிம்பில்தான் கிளாம்ப் போட்டுப் பிடிப்பார்கள். ஜாக் வைத்தால் விளிம்பு நசுங்கும் அல்லது வளையும். கிளாம்ப் கடித்தால் இரண்டு முகத்திலும் பல் பதிந்த வரிசை விழும். நாலு இடத்திலும் அந்தப் பல் தடம் இருந்தாலோ, அங்கே மட்டும் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்திருந்தாலோ, மேற்கொண்டு பேச வேண்டாம், வந்துவிடு.

பெயிண்ட் கனம் பார்க்கும் கருவி வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். நல்லதுதான், ஆனால் அதை நீதிபதியாக்காதே. கூரையில் நாலைந்து இடம் அளந்து அதை அடிப்படையாக வைத்துக்கொள், கூரைக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பது அபூர்வம். ஒரிஜினல் பெரும்பாலும் 80 முதல் 160 மைக்ரான் வரும். 200 முதல் 350 வரை வந்தால் அதன் மேலேயே இன்னொரு தடவை அடித்திருக்கிறார்கள். 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது, 1000க்கு மேல் என்றால் பட்டியால் ஒரு பள்ளத்தையே நிரப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு பேனலிலும் ஐந்தாறு இடம் வை, ஓரங்களை விடாதே. கதவுச் சட்டத்தின் உட்பக்கம் 100க்கும் குறைவாக வந்தால் பதறாதே, அங்கே மெல்லிசாகத்தான் அடிப்பார்கள். பிளாஸ்டிக் பம்பரில் கருவி ஒன்றும் காட்டாது. எல்லாவற்றையும்விட முக்கியம், நசுங்கிய பேனலைத் தூக்கிப்போட்டுப் புதுப் பேனல் மாட்டிப் பெயிண்ட் அடித்தால் கருவி 130 என்று காட்டும், நீயும் ஒரிஜினல் என்று நம்பிவிடுவாய். அந்த மாதிரி நேரத்தில் உண்மையைச் சொல்வது போல்ட்தான்.

பேனல் இடைவெளிக்கு ஒரே கனமான அட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போ. பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் முன்னிருந்து பின்வரை இழுத்துப் பார். 3, 4, 5 மில்லிமீட்டர் எதுவாகவும் இருக்கட்டும், வழிநெடுக ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முன்னால் தளர்ந்து பின்னால் சிக்கினால் ஏதோ ஒன்று திரும்பியிருக்கிறது. நிறத்தைக் காலை வெயிலில் பார், கழுவின ஈரத்தோடு காட்டினால் காய்ந்த பிறகு வருகிறேன் என்று சொல். ஈரம் கீறலையும் நிற வித்தியாசத்தையும் மூடிவிடும்.

கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை ஒரு முழம் உருவிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேள். பில்லர் விளிம்பில் வெல்டிங் குழிகள் வரிசையாகத் தெரிய வேண்டும். பக்கவாட்டு அடியை மறைப்பவர்கள் வெளியே எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் பீடிங்குக்கு உள்ளே சோம்பல்பட்டிருப்பார்கள். பின்பக்கத்துக்கு டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டுப் பள்ளத்தைப் பார். தகட்டில் அலை, புது சீலன்ட், தேங்கின தண்ணீர்க் கறை, துரு, இவற்றில் எது இருந்தாலும் பின்னாலிருந்து இடித்திருக்கலாம்.

இனி உள்ளே. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழு. அடிமுனையில் தைத்த லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். அது வண்டி தயாரான தேதிக்குச் சில மாதம் முந்தியதாக இருக்கும், முன்சீட் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஒன்று மட்டும் இரண்டு வருஷம் பிந்தியது என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேள். பலமான இழுப்பு தாங்கிய பெல்ட்டில், தோளுக்கு மேலே வளையத்தில் உரசும் இடம் மெழுகு தடவினாற்போல் பளபளக்கும் அல்லது நாடா அலையலையாக இருக்கும். பெல்ட்டைச் சொருகிப் பூட்டும் பக்கிள் கைகளின் உயரத்தையும் ஒப்பிடு. மோதலின்போது வெடித்து இழுக்கும் அமைப்பு பக்கிளில் இருந்து, அது வேலை செய்திருந்தால், அந்தப் பக்கிள் மற்றதைவிடச் சில சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும்.

ஏர்பேக் விளக்கில்தான் ஏமாற்று அதிகம். வெடித்த பைக்குப் பதிலாகக் கனெக்டரில் 2, 3 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைச் சொருகிவிட்டால் கம்ப்யூட்டர் பை இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும், விளக்கும் ஒழுங்காக அணையும். இதைவிட மட்டமான வேலை, பழுதைக் காட்டும் விளக்கின் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: சாவியைத் திருப்பு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதே. ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் தானாக அணைய வேண்டும், ஆயில் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றாலோ, ஸ்டார்ட் செய்த பிறகு ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தாலோ, யாரோ கை வைத்திருக்கிறார்கள். ரெசிஸ்டர் தந்திரம் இந்தச் சோதனையில் அகப்படாது. அதற்கு ஏர்பேக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும், சாதாரண மலிவு ஸ்கேனர் எஞ்சினை மட்டும்தான் படிக்கும். பல வண்டிகளில் மோதல் பதிவு அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். மலிவு ஸ்கேனருக்கும் ஒரு பயன் உண்டு, பிழைக் குறிகளை அழித்த பிறகு ஓடிய தூரம் எவ்வளவு என்று பார். அது 20 கிலோமீட்டர் என்றால் நீ வரப்போவது தெரிந்து நேற்றுதான் அழித்திருக்கிறார்கள்.

கண்ணாடிகளில் எந்த வருஷம் செய்தது என்ற தயாரிப்புக் குறியைப் பார்ப்பது உனக்கே தெரியும். முன்கண்ணாடி மட்டும் புதிது என்றால் கல்லாகக்கூட இருக்கலாம், கதவுக் கண்ணாடி மாறியிருந்தால் காரணம் கேள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா, பக்கம் இழுக்கிறதா என்பதெல்லாம் சரி. ஆனால் அலைன்மென்ட் செய்துவிட்டால் அந்த அறிகுறிகள் பாதி மறைந்துவிடும். நீயே ஒரு அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோய், சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவைத் தாளில் வாங்கு. காம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டிலும் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சஸ்பென்ஷனோ ஏப்ரான் கிண்ணமோ நகர்ந்திருக்கலாம். சக்கரத்தை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அள. 5, 6 மில்லிமீட்டரைத் தாண்டி வேறுபட்டால் விடாமல் விசாரி. (பழைய ரெனோ 4 வண்டியில் பின் சஸ்பென்ஷன் அமைப்பின் காரணமாக இரண்டு பக்கத்துக்கும் 48 மில்லிமீட்டர் வித்தியாசம் தயாரிப்பிலேயே உண்டு. நீ அதை வாங்கப் போவதில்லை, பயப்படாதே.)

விற்பவரிடம் 'ஆக்சிடென்ட் ஆச்சா' என்று கேட்காதே, 'சின்ன டச்சப் தான்' என்பார். அவர் இரண்டாவது கை என்றால் அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். எந்தப் பேனலைக் கழற்றினார்கள், எந்த மாதம், பில் எங்கே, இன்சூரன்ஸில் கிளெய்ம் எத்தனை என்று கேள். சர்வீஸ் பில்களில் ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், ஹெட்லைட் மூன்றும் ஒரே மாதத்தில் வந்திருந்தால் அது டச்சப் இல்லை. 'பாடியின் வெல்டிங் பாகங்கள் எதுவும் வெட்டப்படவோ இழுக்கப்படவோ இல்லை, ஏர்பேக் வெடிக்கவில்லை' என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல். அப்போது முகம் மாறுகிறதா என்று பார்.

உன் வண்டியில் நான் இதுவரை பார்த்தது ஒரு ஃபெண்டர், ஒருவேளை பானெட்டும். அதோடு நின்றிருந்தால், பில்லும் காட்டினால், விலையில் குறைத்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம். அடிபட்டு ஒழுங்காகச் சரிசெய்த வண்டி கெட்ட வண்டி இல்லை. மறைத்து விற்றால்தான், இன்னும் என்னென்ன மறைந்திருக்கிறதோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகும்போது இன்னும் மூன்று படம் எடுத்து அனுப்பு: ஓட்டுநர் பக்க ஏப்ரான் சீலன்ட், அதே இடம் எதிர்ப்பக்கத்தில், இரண்டு சீட் பெல்ட் லேபிள்களும் ஒரே படத்தில். டார்ச்சை நேராக அடிக்காதே, தகட்டை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடி. நேர் வெளிச்சத்தில் சுருக்கம் தெரியாது.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு