சின்கோனாப் பட்டை குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மழைக்காலம் தொடங்கி, மேட்டுப்பாளையத்திலுள்ள எங்கள் நாட்டு மருந்துக் கடைக்கு வருபவர்களில் பலர், காய்ச்சலுக்கென்று சின்கோனாப் பட்டைப் பொடியைக் கேட்கிறார்கள். அது எந்த மண்ணின் மரம், அதன் அருமையை முதலில் அறிந்தவர்கள் யார், அதைப் பொடியாக விற்பதை நாங்கள் ஏன் நிறுத்தியிருக்கிறோம் என்பதையெல்லாம் கல்லாவில் நின்றபடி சொல்லி முடிக்க இயலவில்லை, ஆகவே இம்மடல்.

பட்டையைக் கையில் எடுத்தால் லவங்கப்பட்டையைப் போலச் சுருண்டிருக்கும். வெளிப்புறம் சாம்பல் நிறமாய்ப் பாசி படர்ந்த தடத்தோடும் குறுக்கு வெடிப்புகளோடும், உட்புறம் செம்பழுப்பாகவும் இருக்கும். ஒரு துணுக்கை நாவில் வைத்தால், நிலவேம்புக் குடிநீர் குடித்துப் பழகியவர்களும் முகம் சுளிப்பார்கள்.

இதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவு. இன்றைய எக்வடோர் நாட்டின் தெற்கிலுள்ள லோஹா பகுதியில் காய்ச்சல் மரம் என்று ஒன்று இருப்பதாகவும், லவங்க நிறமுள்ள அதன் பட்டையை இடித்து, இரண்டு சிறு வெள்ளிக் காசுகளின் எடையளவு பானத்தில் கலந்து கொடுத்தால் காய்ச்சல் தீர்வதாகவும், அந்தோனியோ டி லா கலஞ்சா என்ற துறவி 1630களில் எழுதினார். மலேரியா அந்த நிலத்தின் பழைய நோய் அன்று; ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே அங்கு பரவியது என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு. மலைக்குளிரில் நடுங்கும் உடலுக்கு அம்மக்கள் கொடுத்துவந்த பட்டையே, நடுக்கத்தோடு வந்த புதிய காய்ச்சலுக்கும் கைகொடுத்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. பெருவின் லிமா நகரிலிருந்த இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் அதை ரோமுக்கு அனுப்பியதால், ஐரோப்பாவில் அது இயேசு சபைப் பட்டை என்றே வழங்கியது.

பெருவை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதியின் மனைவியான சின்சோன் சீமாட்டி இதனால் குணமடைந்தார் என்ற கதையை நம்பி, ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1742இல் மரத்துக்குச் சின்கோனா என்று பெயரிட்டார். அக்கதைக்குச் சான்றில்லை என்பது பின்னாளில் தெரியவந்தது. மரத்தை அறிந்திருந்த மலைமக்களின் பெயரல்லவா அதற்கு நிலைத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு. ஆயினும், இப்பட்டையின் சத்தான குயினினை நம் பெரியவர்கள் கொய்னா என்று சொல்லும் சொல்லில், பட்டையைக் குறிக்கும், அம்மலைமக்களின் கெச்சுவா மொழிச் சொல் இன்னும் ஒலிக்கிறது.

பட்டைக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்ததால் அங்குள்ள காடுகள் மெலிந்தன. அதன்பின், 1860ஆம் ஆண்டையொட்டி ஆண்டிஸிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகளும் கன்றுகளும் நம் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்க்கப்பட்டன. உதகை அரசுத் தோட்டத்தின் பொறுப்பாளரான மெக்கைவர் மரத்தை வெட்டவில்லை. பட்டையை நீள நீளக் கீற்றுகளாக உரித்தெடுத்து, உரித்த இடத்தில் ஈரப்பாசியை வைத்துக் கட்டினார். பாசியின் அடியில் புதுப்பட்டை வளர்ந்தது, அதில் கொய்னாச் சத்தும் மிகுந்திருந்தது. வால்பாறை அருகே சின்கோனா என்றே ஓர் ஊர் இன்றும் உள்ளது.

பட்டையிலுள்ள கொய்னாச் சத்தை 1820இல் பாரிஸ் நகரில் பெல்லெத்தியே, காவாந்து என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அதுவரை மருந்தின் அளவு மருத்துவரின் கைக்கணக்கு. அதன்பின் எடைபோட்டுக் கொடுக்கும் மருந்தாயிற்று. நாங்கள் பொடியை நிறுத்தியதற்குக் காரணமும் இதுவே. பட்டையிலுள்ள சத்து இனத்துக்கு இனம், மரத்துக்கு மரம் வேறுபடும் என்பதால், ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று எங்களால் உறுதிசொல்ல முடியாது. அளவு மிஞ்சினால் காது இரையும், பார்வை மங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். டெங்குக் காய்ச்சலை இது தணிக்காது. மாறாக, டெங்குவில் ஏற்கெனவே குறையும் இரத்தத் தட்டணுக்களைக் கொய்னாவும் சிலருக்குக் குறைத்துவிடும். காய்ச்சல் என்றால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மலேரியாவென்று உறுதியானால், அதன் வகைக்கேற்ற மாத்திரைகளை மருத்துவர் அளவறிந்து தருவார்.

முன்பு எங்களிடம் வாங்கிய பொடி வீட்டில் இருந்தால், பொட்டலம் பிரித்திருந்தாலும் கொண்டுவாருங்கள். முழுத் தொகையையும் திருப்பித் தருகிறோம். குறிப்பாகக் கருவுற்றவர்களும் இதய நோய்க்கு மருந்து உண்பவர்களும் அதைத் தொட வேண்டாம். முழுப் பட்டைச் சுருள் ஒன்றைக் கடையில் கண்ணாடிப் புட்டியில் வைத்திருக்கிறோம். பிள்ளைகளை அழைத்துவந்து காட்ட விரும்புவோர் எந்நேரமும் வரலாம்.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்