இளம் விஸ்கிக்கு உரிய அளவுகோல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டுமே வடித்த ஸ்காட்லாந்து விஸ்கி) பற்றி வெளியான கட்டுரை, வயது குறைந்த, பழ மணம் மிகுந்த மென்மையான வகைகளை "வெளிறிய நிறம், ஆழமற்ற சுவை" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. அந்த வகையை விரும்பிச் சுவைப்பவன் என்ற முறையில் இத்தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை.

நிறத்தை வைத்து எடைபோடுவதே முதற்கோணல். வடித்திறக்கிய மதுவுக்கு நிறமே கிடையாது; ஓக் பீப்பாயில் ஊறும்போதுதான் நிறம் ஏறுகிறது, பலமுறை பயன்படுத்திய பீப்பாயில் அதுவும் குறைவாகவே ஏறும். அத்துடன், 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகள் நிறத்துக்காகக் கராமல் சேர்ப்பதை அனுமதிக்கின்றன. வயதைப் பொறுத்தவரை, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஸ்காட்லாந்திலேயே முதிர வேண்டும் என்பதே சட்டம்.

பழ மணம் பெரும்பாலும் பீப்பாய்க்குப் போவதற்கு முன்பே பிறந்துவிடுகிறது என்பதைக் கட்டுரையாளர் கருத்தில் கொள்ளவில்லை. முளைகட்டிய பார்லியின் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட், எஸ்டர்கள் எனப்படும் மணமிக்க வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. வாழைப்பழத்தையும் பேரிக்காயையும் நினைவூட்டும் ஐசோஅமைல் அசிடேட், ஆப்பிள் மணம் தரும் எத்தில் ஹெக்சனோயேட் ஆகியவை அவற்றுள் சில. நொதித்தலை அவசரமின்றி நீளவிட்டு, பிறகு கழுத்து உயர்ந்த செம்புக் கலன்களில் நிதானமாக வடித்தால், கனமான ஆவிகள் மேலே போக முடியாமல் குளிர்ந்து மீண்டும் கலனுக்குள் விழ, கந்தக வாடையைச் செம்பு ஈர்த்துக்கொள்ள, மென்மையான பகுதி மட்டும் கடந்து வருகிறது. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியிலுள்ள கிளென் கிராண்ட் ஆலையில் உயர்ந்த கலன்களோடு ஆவியை மேலும் தெளிவாக்கும் அமைப்பும் உண்டு; அந்த ஆலையின் 5 ஆண்டு விஸ்கி இத்தாலியில் நெடுங்காலமாக விரும்பிப் பருகப்படுகிறது. இத்தகைய மதுவை மரச்சாரம் மிகுதியாக இறங்கும் பீப்பாயில் நெடுநாள் அடைத்து வைத்தால் வெனிலாவும் மரச்சுவையும் மேலோங்கி, ஆலை அரும்பாடுபட்டு உருவாக்கிய பழ மணம் அடியில் அமுங்கிவிடக்கூடும்.

இளமை என்பதற்காகவே எல்லாவற்றையும் புகழ நான் வரவில்லை. ஈரத் தானிய வாடை, நகப்பூச்சு நெடி, நாவைச் சுடும் காரம் ஆகியவை எஞ்சியிருந்தால் அந்த விஸ்கி பக்குவப்படவில்லை என்றே சொல்வேன். இதைக் கண்டறியப் பனிக்கட்டி உதவாது, குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும். வாய் குறுகிய கோப்பையில் ஊற்றிச் சற்று நேரம் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்து, முதல் மிடறைத் தண்ணீர் சேர்க்காமல் சுவைத்த பின் சிறிது சிறிதாக நீர் விட்டுப் பார்க்க வேண்டும். நன்கு வடித்த விஸ்கியில் அப்போது பழ மணம் விரியும். குறையுள்ளதில் தானிய நெடி மட்டுமே மிஞ்சும். விழுங்கிய பின் சுவை நெடுநேரம் நிற்கவில்லை என்று இந்த வகையில் மதிப்பெண் குறைப்பது நியாயமன்று. கசப்பின்றித் தெளிவாக முடிகிறதா என்று பார்ப்பதே பொருத்தம்.

இனி வரும் மதிப்புரைகளில் ஆல்கஹால் அளவு, பீப்பாயின் வகை, நிறம் சேர்க்கப்பட்டதா என்பது, நீர் விடுவதற்கு முன்னும் பின்னும் உணர்ந்த மணம் ஆகியவற்றையும் குறிப்பிடுமாறு தங்கள் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்