மகளுக்கு, முள்ளியவளையிலிருந்து

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஆய்வேட்டை மறுபடியும் வாசித்து முடித்தேன். உயர்தர வகுப்பில், கலம் இரண்டாகும் இழையுருப்பிரிவைப் படிப்பித்த காலமெல்லாம், நிறமூர்த்தங்கள் பிரிந்து இரு முனைகளுக்கும் செல்லும் என்று எழுதினாலே முழுப்புள்ளி போட்டவன் நான். எது பிரிக்கிறது என்று பாடநூல் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. அந்தப் பிரிவைத் தொடக்கிவைக்கும் புரதக் கூட்டத்தை, உன் ஆய்வேட்டின் APC/C ஐ, 1995 இல்தான் இனங்கண்டார்களாம். அந்த வருடம் நாங்கள் கிளாலிக் கரையில் நின்ற கதை உனக்குத் தெரியும்.

யுபிகுயிட்டின் பகுதி அருமை. மாட்டுக்குக் குறி சுடுவதுபோல, 76 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சிறு புரதத்தை உன் புரதக் கூட்டம், செப்பரேஸ் என்ற வெட்டும் நொதியைக் கட்டிவைத்திருக்கும் செக்யூரின் மேல் சங்கிலியாகக் கோத்துவிட்டால் போதும். கலத்தின் புரதம் அரைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் செக்யூரினைச் சிதைத்துவிடும். செக்யூரின் போனதும் செப்பரேஸ் விடுபட்டு, இரட்டை இழைகளைப் பிணைத்திருக்கும் கோகெசினை வெட்டுகிறது. 2004 இல் யுபிகுயிட்டினுக்காக மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இங்கே யாரும் பேசவில்லை. இன்று தண்ணீரூற்றுச் சந்தியில் நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆனால் முன்னுரையில் எழுத்துப் பிழைகள். நித்திரை இல்லாமல் எழுதினாயா? நன்றிப் பக்கத்தில் எல்லோருடைய பெயரும் இருக்கிறது, ஒரு பெயரைத் தவிர. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஒரேயொரு நிறமூர்த்தம், அதை முனைக்கு இழுக்கும் கதிர்நாரில் பற்றாமல் நின்றாலும் கலம் முழுவதும் காத்திருக்கிறது என்ற இடத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆனது. அழித்த செக்யூரின் திரும்பி வராது. வெட்டியதை ஒட்டவும் முடியாது. அதனால்தான் அந்தப் பொறுமை. நீயும் எதிலும் அவசரப்படாதே. கையெழுத்து வைப்பதற்கு முன் எதையும் இரண்டு தரம் வாசி. அவசரப்படாதே. அடுத்த பக்கத்திலேயே, அளவு மீறிக் காத்திருக்கும் கலம் பல வேளைகளில் செத்துப்போகிறது என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அம்மாவிடம் தொலைபேசியில் அங்கத்தைய குளிரைப் பற்றி மட்டும் சொல்கிறாய். அவள் ஒன்றும் விளங்காதவள் அல்ல. குளத்தில் தண்ணீர் போதாது, சிறுபோகம் பாதி வயலுக்குத்தான் என்கிறார்கள். மற்றதெல்லாம் வழமைபோல.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல். தனியே வந்தாலும் வா. டிக்கெட்டுக்குக் காசு நான் அனுப்புகிறேன், சித்தியிடம் கேட்காதே.

அப்பா