நிலநடுக்கத்துக்குத் தேதி குறிக்காதீர்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு, டெல்லியிலிருந்து வணக்கம்.

2025 பிப்ரவரி 17 அதிகாலை 5.36-க்கு இங்கே தரை குலுங்கியதை நாள் முழுக்கக் காட்டினீர்கள். அளவு 4.0, மையம் டெல்லியிலேயே உள்ள தௌலா குவான். அதுவரை சரி. சாயங்காலம் உங்களில் ஒருவர் ஓடவிட்ட வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்: "இன்றிரவு இன்னும் பெரியது வருமா?" நாய்கள் ஊளையிட்டதையும் வானத்தில் மேகம் கோடு போட்டதையும் அறிகுறி என்று சொல்லி அரை மணி நேரம் பேசினீர்கள். கேள்விக்குறியை யாரும் படிக்கவில்லை.

என் அம்மாவுக்கு 78 வயது, மூட்டுவலி. கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி உட்கார்ந்து எழுந்து, மூன்று மாடி இறங்கினார். பிப்ரவரிக் குளிரில் பூங்கா பெஞ்சில் ஒரு சால்வையோடு விடியும்வரை இருந்தோம், இன்ஹேலரை இரண்டு முறை எடுக்க வேண்டியதாயிற்று. "எத்தனை மணிக்குப்பா வருமாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை பொதுத்தேர்வுக்குத் தெருவிளக்கில் படித்தது. எதுவும் வரவில்லை.

வராததால் நீங்கள் தவறு என்று சொல்லவில்லை, வந்திருந்தாலும் தவறுதான். நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்லும் வழி இன்றுவரை உலகில் யாரிடமும் இல்லை. நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயு, கிணற்று நீர்மட்டம், விலங்குகளின் நடத்தை என எல்லாவற்றையும் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவிட்டார்கள், நம்பி ஊரைக் காலி செய்யும் அளவுக்கு ஒன்றும் தேறவில்லை. 1975-ல் சீனாவின் ஹைசெங்கில் முன்கூட்டியே மக்களை வெளியேற்றினார்களே என்பீர்கள். அங்கே சின்னச் சின்ன அதிர்வுகள் அடுக்கடுக்காக வந்து எச்சரித்தன. அடுத்த ஆண்டே தாங்ஷானில் அப்படி எதுவும் வரவில்லை, அரசுக் கணக்கிலேயே சுமார் 2,42,000 பேர் செத்தார்கள். சின்ன அதிர்வு பெரியதற்கு முன்னோடியா இல்லையா என்பது பெரியது வந்த பிறகுதான் தெரிகிறது.

அதனால் தேதி குறிக்காதீர்கள். அந்த அரை மணி நேரத்தில் ஒரு கட்டடப் பொறியாளரை உட்காரவைத்திருக்கலாம். எங்கள் தெருவில் கீழே வண்டி நிறுத்த மெல்லிய தூண்களை மட்டும் விட்டு மேலே நாலு மாடி ஏற்றியிருக்கிறார்கள். ஆளைக் கொல்வது அதுதான், அதைப் பற்றி ஒரு வரி ஓடவில்லை. யார் அனுமதி கொடுத்தார்கள் என்று மாநகராட்சியைக் கேட்க உங்களால் முடியும், எங்களால் முடியவில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை குலுங்கினால், நடந்ததைச் சொல்லுங்கள், பின்னதிர்வு வரலாம் என்றும் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அம்மா இன்னும் மாத்திரைப் பையைக் கதவோரம் வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்.