“தனிப்பட்ட பலவீனங்கள்” என்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கிலேயச் சிற்பியும் மரச்செதுக்குக் கலைஞரும் எழுத்துரு வடிவமைப்பாளருமான எரிக் கில் பற்றிய கட்டுரையில், “சில தனிப்பட்ட பலவீனங்கள் இருந்தபோதும்” என்று ஒரு வரி. கடன் வாங்கித் திருப்பாதது பலவீனம். மூக்குப்பொடி பலவீனம். கில் தன் மூத்த மகள்கள் இருவரைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியவர். அதைத் தன் நாட்குறிப்பில் தானே எழுதியும் வைத்தவர். 1966இல் வந்த வாழ்க்கை வரலாற்றில் இந்தச் செய்தி இல்லை. 1989இல் ஃபியோனா மக்கார்த்தியின் நூல்தான் உடைத்துச் சொன்னது. இடையில் இருந்த 23 ஆண்டு மௌனத்துக்கு இப்போது உங்கள் இதழும் சந்தா கட்டியிருக்கிறது.

இது முதல் முறையும் அல்ல. இத்தாலிய ஓவியர் காராவாஜ்ஜியோ 1606இல் ரோமில் ஒருவரைக் கொன்றது உங்கள் பக்கங்களில் “முன்கோபம்” ஆனது. தஹிதித் தீவில் பிரெஞ்சு ஓவியர் பால் கோகேன் சேர்த்துக்கொண்ட சுமார் 13 வயதுச் சிறுமி “காதலி” ஆனாள். சொற்களுக்கு இவ்வளவு இளகிய மனம் இருக்கிறதே என்று வியக்கத்தான் வேண்டும்.

“கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்ப்பதே நாகரிகம்” என்கிறார் கட்டுரையாளர். எந்தக் கலையை? ஈய எழுத்தும் மரச்செதுக்கும் கல்லும் ஒன்றா?

எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் தாங்கிய கில் சான்ஸ் எழுத்துருவை 1928இல் மோனோடைப் என்ற அச்செழுத்து நிறுவனம் வெளியிட்டது. கில் வரைந்து கொடுத்தார். அதை வார்ப்புக்கு ஏற்றபடி ஒவ்வோர் எழுத்தாகப் பெரிதாக வரைந்து, அளவு திருத்தி, தடிமன் வகைகளைப் பெருக்கியது அந்நிறுவனத்தின் வரைவு அறை. கில் இறந்தது 1940இல். இன்று உரிமத்துக்குக் கட்டும் பணம் அவர் சட்டைப்பைக்குப் போவதில்லை. இதில் பிரித்துப் பார்ப்பது எளிது. மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றட்டும், ஆனால் “எழுத்துருவை மாற்றினால் தீர்ந்தது” என்று எழுதுவதற்கு முன் ஒரு பக்கத்தையாவது மாற்றிப் பார்த்திருக்கலாம். லோகோவில் எழுத்தெல்லாம் கோட்டு வடிவமாகிவிட்டிருக்கும், எழுத்துருப் பட்டியலில் தேடினால் அகப்படாது. புது எழுத்தின் அகலம் வேறு. வரி ஓடும், அட்டவணை பிதுங்கும், மெய்ப்பு மறுபடி முதலிலிருந்து. கில் சான்ஸைத் தள்ள அச்சுக்காரரிடம் கேட்டால் வேறொரு காரணம் சொல்வார்: பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’, எண் 1 மூன்றும் அதில் ஏறக்குறைய ஒரே கம்பி. மருந்தளவோ வண்டி எண்ணோ அடிக்குமிடத்தில் அது வம்பு.

போகட்டும், மாதிரி என்று நீங்கள் போட்ட படம் கில் சான்ஸே அல்ல. சிறிய ‘ஐ’யின் புள்ளி சாய்சதுரமாக இருக்கிறது, கவனித்தீர்களா? அது கில்லின் ஆசிரியர் எட்வர்ட் ஜான்ஸ்டன் லண்டன் சுரங்க ரயிலுக்காக வரைந்தது. குற்றவாளியின் பெயரை நல்ல மனிதர் தலையில் கட்டிவிட்டீர்கள்.

இப்போது மரச்செதுக்குக்கு வருவோம். அரைப்பக்கம் ஒதுக்கி, “குளிக்கும் பெண், 1923” என்று மட்டும் எழுதி ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். குனிந்திருக்கும் அந்தப் பெண் கில்லின் மகள் பெட்ரா. நாட்குறிப்பில் வருகிற இரண்டு மகள்களில் ஒருத்தி. கையிலிருக்கும் உளி, பார்க்கும் கண், எதிரே உட்கார வைக்கப்பட்ட உடல் எல்லாம் ஒரே வீட்டில். இங்கே எதை எதிலிருந்து பிரிப்பது? கில் வாழ்ந்த டிட்ச்லிங் ஊரின் அருங்காட்சியகம் 2017இல் இந்தக் கேள்வியை மையமாக வைத்தே ஒரு கண்காட்சி நடத்தியது. உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை.

கல் இன்னும் சிக்கல். அருங்காட்சியகத்துக்குப் போகிறவர் தானாகப் போகிறார். லண்டனில் பிபிசி வாசலில் நிர்வாணச் சிறுவனுடன் நிற்கும், கில் செதுக்கிய சிலை தெருவில் போகிறவரைக் கேட்பதில்லை. 2022 ஜனவரியிலும் 2023 மே மாதத்திலும் அதைச் சுத்தியலால் உடைத்தார்கள். சுண்ணாம்புக்கல்லில் சில்லு பெயர்ந்தால் ஒட்டலாம், ஆனால் ஒட்டிய இடம் தெரியும். பழுதுபார்த்து 2025இல் தடுப்புக்குப் பின்னால் வைத்தார்கள். உடைத்தவர்களை நான் மெச்சவில்லை. ஆனால் 1989 முதல் எல்லோருக்கும் தெரிந்ததை அந்த வாசலிலேயே முன்பே எழுதி வைத்திருக்கலாம்.

தமிழ் வாசகருக்கு உண்மையிலேயே சொல்லியிருக்க வேண்டியதும் விடுபட்டிருக்கிறது. கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசாமியின் ‘விஸ்வகர்மா’ (1914) என்ற இந்தியச் சிற்பப் படத் தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் இதே கில். நம் சிற்பத்தைப் போற்றியவர் என்பதால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? கட்டுரையாளர் அந்தச் சங்கடத்தைக்கூட அடையவில்லை.

நான் கேட்பது சிறிய காரியம்தான். அடுத்த இதழில் ஒரு திருத்தம். அந்தப் படத்துக்கான குறிப்பில் நான்கு தகவல் வேண்டும்: படத்தில் இருப்பவர் யார், கலைஞருக்கு என்ன உறவு, அவர் செய்தது என்ன, அது எப்படித் தெரியவந்தது. எட்டுப் புள்ளி எழுத்தில் மூன்று வரி பிடிக்கும். படத்தின் கீழேயே போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் போட்டால் ராசிபலன் பார்ப்பவர்தான் படிப்பார். “சர்ச்சைக்குரிய” என்ற சொல் வேண்டாம். அவரே கைப்பட எழுதியதில் என்ன சர்ச்சை?

அப்படியே, முதல் பத்தியில் “ஜில்”, மூன்றாவதில் “கில்”, படக்குறிப்பில் “கிள்” என்றிருப்பதில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும் நல்லது.

இப்படிக்கு,
அச்சுக்கோப்புத் தொழிலில் உள்ள வாசகர்