சீசன் டிக்கெட்டில் படித்த பட்டப்படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அந்த நாட்களைப் பற்றி எழுதினால் பெரும்பாலும் விடுதி வாழ்க்கையைத்தான் எழுதுகிறார்கள். மெஸ் சாப்பாடு, இரண்டாவது ஆட்டம் சினிமா, சாஸ்திரி ஹாலில் கேட்ட பேச்சுகள். ஆசையாகப் படிப்பேன். ஆனால் காலையில் பாசஞ்சர் ரயிலில் போய் மாலையில் அதிலேயே திரும்பிய எங்கள் கதையை யாரும் எழுதிக் காணோம். இப்போது நான் எழுதுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1981-இல் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தேன். அப்பா கடலூர் முதுநகரில் ஒரு மணிலா (நிலக்கடலை) மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கல்லூரிக் கட்டணத்தை எப்படியோ புரட்டிவிட்டார். விடுதிக்குக் கட்ட வழியில்லை. மாணவர்களுக்குச் சலுகை விலையில் சீசன் டிக்கெட் உண்டு என்று மண்டிக்கு வந்துபோகும் ரயில்வே குமாஸ்தா ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அவர் அதைச் சொல்லாமல் போயிருந்தால் எனக்குப் பிளஸ் டூவோடு படிப்பு முடிந்திருக்கும்.

அப்போது மீட்டர் கேஜ் பாதை. கடலூர் துறைமுகம் சந்திப்பில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அப்புறம் சிதம்பரம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். ஆனாலும் அந்த இடத்துக்குத்தான் போட்டி. சவுக்குத் தோப்பும் வயலும் மாறி மாறி வரும். பரங்கிப்பேட்டையைத் தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகும்போது கழிமுகக் காற்று உள்ளே வரும். பரங்கிப்பேட்டையில் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அதில் ஆராய்ச்சி செய்தவர்கள் கண்ணாடிக் குப்பிகளோடு அந்த ஸ்டேஷனில் இறங்குவார்கள். நாமும் ஒருநாள் அப்படி இறங்குவோம் என்று நினைத்துக்கொள்வேன். அது நடக்கவில்லை, பள்ளிக்கூட ஆசிரியை ஆனேன். அந்த வேலையை நான் மிகவும் விரும்பித்தான் செய்தேன்.

எங்கள் பெட்டியில் மாணவிகள் கொஞ்சம் பேர்தான். மீதி இடமெல்லாம் கூடையோடு வரும் மீன்காரப் பெண்களுடையது. சோனங்குப்பத்து ஆயா ஒருவர் முதல் நாளே என்னைப் பார்த்து, "நின்னுக்கினே வராத, இப்படிக் குந்து கண்ணு" என்று கூடையை நகர்த்தி இடம் கொடுத்தார். அன்றிலிருந்து அது என் இடம். தாவணியில் மீன் வாடை ஏறும். வகுப்பில் சில பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். சில நாள் வலித்தது, பிறகு பழகிவிட்டது.

விலங்கியல் படித்த எல்லோருக்கும் ஸ்கோலியோடான் என்ற சின்னச் சுறா நினைவிருக்கும். தலையை அறுத்து மூளை நரம்புகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். நரம்பு அறுந்தால் மதிப்பெண் போச்சு. ரயிலில் நான் அந்தப் படத்தை வரைந்து பழகுவதைப் பார்த்த ஆயா, "இது குட்டி போடுற சுறா. வயித்துக்குள்ள குட்டிக்குத் தொப்புள்கொடிகூட இருக்கும், தெரியுமா?" என்றார். மீன் என்றால் முட்டையிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆசிரியரிடம் கேட்டேன். "சரியாகச் சொல்லியிருக்கிறார்" என்றவர், வேறொரு வகுப்புக்காக வைத்திருந்த மாதிரியை எடுத்து வந்து கொடி இணைந்திருக்கும் இடத்தைக் காட்டினார். மாலை ரயிலில் இதைச் சொன்னபோது ஆயாவுக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. சுறாவை நாள்தோறும் அறுப்பவர் அவர்.

பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1929-இல் தொடங்கிய அந்த வளாகத்தின் மர நிழல், உள்ளேயே இருக்கும் திருவேட்களம் கோயில், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான மாணவர் ராஜேந்திரனின் சிலை. இவற்றையெல்லாம் மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள். மாலை வண்டியைப் பிடிக்க ஓடிய எனக்கு நூலகத்தில்கூட நிதானமாக உட்கார நேரம் கிடைத்ததில்லை.

இரண்டாம் வருடம் கார்த்திகையில் நல்ல மழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி மாலை வண்டி புதுச்சத்திரத்தில் நின்றுவிட்டது. இருட்டிவிட்டது. வீட்டுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. மாணவிகள் எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, கதவுப் பக்கம் கூடைகளை அடுக்கி, அந்தப் பெண்கள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். விற்காத கருவாடு இருந்தது, சாப்பிடத்தான் ஒன்றுமில்லை. எந்நேரமோ வண்டி கிளம்பி ஊர் வந்து சேர்ந்தது. ஸ்டேஷனில் அப்பா குடையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வரவில்லை.

வீட்டில் அத்தை தீர்ப்பே சொல்லிவிட்டார்: "போதும். வயசுப் பொண்ணு ராத்திரி ரயில்ல கிடக்கிற படிப்பு நமக்கு வேணாம்." அம்மா வாயே திறக்கவில்லை. மறுநாள் நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாள் விடிந்தும் விடியாமல் ஆயா எங்கள் வாசலில் வந்து நின்றார். தெருவில் யாரையோ விசாரித்து வந்திருக்கிறார். "உங்க பொண்ணு என்கூடப் போயி என்கூடத் திரும்பும். ராத்திரியானா வாசல்ல விட்டுட்டுத்தான் நான் படகு ஏறுவேன்" என்று அத்தையிடமே சொன்னார். அப்பா என் புத்தகப் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். படிப்பு முடியும்வரை ஆயா சொன்னபடி செய்தார்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். போன வருடம் புதுச்சத்திரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணை நகைக்கடை வேலைக்கு அனுப்பத் தயாராகியிருந்தார்கள். சிதம்பரத்தில் இடம் கிடைத்திருக்கிறது. தினமும் போய்வர யார் பணம் கொடுப்பது என்று அவளுடைய அம்மா கேட்டார். காலையில் அவர்கள் ஊரில் பஸ் நிற்பதே அபூர்வம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ரயில்வே தரும் சலுகை தெரியவில்லை.

பட்டப்படிப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை இது உண்டு. கல்லூரியில் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி டிக்கெட் கவுண்டரில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் படிப்பவர்களுக்குச் சலுகைக் கட்டணம் இருக்கிறது. நான் சொன்ன பெண் இப்போது ரயிலில்தான் கல்லூரிக்குப் போகிறாள்.

எனவே என் வேண்டுகோள் இது. பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் இந்த விவரத்தைத் தங்கள் நாளிதழில் பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டும். ஆலப்பாக்கத்திலிருந்து கிள்ளை வரை பாதையோரம் இருக்கும் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நல்லது. பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்களிடம் வாய்விட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து எழுதிக்கொடுக்க என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கடலூர் முதுநகர்.